வாலுக்குப் பின்னால ஒருத்தி

அவ பேரு என்னன்னு அருவிக் கம்பெனில பாதிப் பேருக்குத் தெரியாது. பம்பரம்னாதான் தெரியும். நாப்பத்தெட்டு வயசுப் பொம்பளைய அப்படிக் கூப்பிட்டா கோபம் வராதான்னு கேட்டா, வராது. கோபப்படவும் ஒரு நிமிஷம் ஒரு எடத்துல நிக்கணும்ல? கால்ல வெந்நிய ஊத்தின மாதிரியே திரிவா. பல்லு தேய்க்கிறது வீட்டச் சுத்திக்கிட்டு. சாப்புடுறது அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவுல. பெத்த மகளே ஒருநாள் கேட்டா, "ஏம்மா, எனக்குப் பாலாவது உக்காந்து குடுத்தியா?"ன்னு. "யாருக்குடி ஞாபகம்"னுட்டு துணி காயப்போடப் போயிட்டா.

உக்காந்து பாக்குற வேலை ஒண்ணும் அவளுக்கு ஒட்டல. தையல் மிஷின்ல பன்னெண்டு நாளு. டாக்டர் ஒருத்தர்கிட்ட ஃபோன் எடுக்குற வேலை நாலே நாளு. நோயாளிங்களோட சேந்து இவளும் வராண்டாவுல குறுக்க நெடுக்க நடந்தா, டாக்டருக்கே யாரு நோயாளின்னு தெரியாமப் போச்சு. கடைசில கெடச்சதுதான் இந்த அருவி வேலை. பதினாறு பேர வேன்ல ஏத்திக்கிட்டுப் போயி, காட்டுக்குள்ள மூணு அருவியையும், அது விழுற குளங்களையும் காட்டி, குளிக்கவிட்டு, மத்தியானம் ரொட்டியும் முட்டையும் குடுத்து, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து எறக்கணும். முன்னால வழிகாட்டிப் போறவன் ஒரு இளவட்டம். முடிய வளத்து உச்சந்தலையில முடிஞ்சிருப்பான், அதனால அவன் கொண்டை. எல்லாருக்கும் கடைசியா வர்றவ பம்பரம். அந்த வேலைக்கு வாலுன்னு பேரு.

வாலுக்கு ஒரே சட்டம். ஒரு ஆளையும் தாண்டிப் போகக் கூடாது. ஒருத்தர் நின்னா நீயும் நில்லு. ஒருத்தர் செருப்புல குத்துன கல்ல எடுத்தா, எடுத்து முடிக்கிறவரைக்கும் நீயும் பாத்துக்கிட்டு நில்லு. முன்னாலேருந்து கொண்டை நீளமா ஒரு விசில் குடுப்பான், எல்லாரும் இருக்காங்களான்னு அர்த்தம். வாலு ஒரு தடவ ஊதினா, எல்லாரும் எனக்கு முன்னாலதான், நீ நட. ரெண்டு தடவ ஊதினா, நில்லு, இங்க ஒருத்தர் தங்கிட்டாங்க.

காலு ஓயாதவளக் கொண்டுபோயி ஆமைக்கூட்டத்துக்குப் பின்னால விட்டா எப்படி இருக்கும்? ஆனா அந்த வேலை அவளுக்குப் புடிச்சுப்போச்சு. முன்னால போறவங்க ஒரு அடி வச்சா இவ பின்னால மூணு வட்டம் அடிப்பா. மறந்துட்டுப் போன துண்டப் பொறுக்குவா, வழுக்குற படியில மண்ணத் தூவுவா, அட்டை கடிச்ச கால்ல உப்பு வைப்பா. வந்தவங்களுக்குத்தான் அவள ஒத்துக்கல. கம்பெனி நோட்டுல மூணு புகார் ஏறியாச்சு. பின்னால வர்ற அம்மா குதிகால மிதிக்குதுன்னு ஒண்ணு. மூச்சு வாங்க நின்னா உச்சுக் கொட்டுதுன்னு ஒண்ணு. பாதி முட்டை வாயில இருக்கும்போதே தட்டப் புடுங்கிருச்சுன்னு ஒண்ணு.

அன்னிக்குக் காலையில வேன் கிளம்புறப்ப மொதலாளியம்மா ஜன்னல் பக்கத்துல வந்து நின்னாங்க.

"இந்தா பம்பரம். இன்னும் ஒரு புகாரு. ஒண்ணே ஒண்ணு. மறுநாளு நீ டிக்கெட் ஜன்னல்ல உக்காந்துக்க. காலையில எட்டுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும்."

"அதுக்கு என்னக் குழிதோண்டிப் பொதச்சிருங்கம்மா."

"பொதைக்க வேற ஆள் வைக்கணும். உக்காரு, போதும்."

பம்பரம் வேன் போய்ச் சேர்ற வரைக்கும் முன் சீட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுகிட்டே வந்தா.

அன்னிக்கு வந்த கூட்டத்துல ஒரு ரொட்டிக்கடைக் குடும்பம். கடைக்காரரு, அவரு சம்சாரம், கடைக்காரரோட தம்பி, தம்பி பொண்டாட்டி, புள்ளைங்க. அந்த ரொட்டிக்காரம்மா நல்ல கனத்த சரீரம். பதினெட்டு வருஷமாக் கடைப்பலகைக்குப் பின்னால நின்னு ரொட்டி எடுத்துக் குடுத்துக் குடுத்து கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. கொழுந்தன் இருக்கானே, வாயில நல்ல வார்த்தையே பொறக்காத ஜென்மம். மொத அருவியில எல்லாரும் தண்ணியில எறங்குனாங்க. அந்தம்மாவும் மெதுவா ஒரு கால நனைச்சா.

"அண்ணி, பாத்து! நீங்க எறங்குனா எங்களுக்குக் குளத்துல தண்ணி மிஞ்சாது!"

எல்லாரும் சிரிச்சாங்க. கட்டுன புருஷனும் சிரிச்சாரு, அதுதான் கொடுமை. அந்தம்மாவும் கூடச் சேந்து சிரிச்சுக்கிட்டே கால வெளிய எடுத்துட்டா. அதுக்கப்புறம் ஒரு கல்லுமேல உக்காந்து எல்லாரோட கைப்பையையும் மடியில வச்சுக்கிட்டுக் காவல் காத்தா. பம்பரம் எல்லாத்தையும் பாத்தா. பாத்துட்டு, "என்னங்கம்மா, நீங்க எறங்கலியா?"ன்னு கேக்காம இருந்தா. கேட்டா அது புகாராயிருமோன்னு பயம்.

ரெண்டாவது குளம் வட்டமா, கிணறு மாதிரி. மூணு ஆள் ஆழம். கொடியெல்லாம் மேலேருந்து தொங்கும், தண்ணி கருப்பாத் தெரியும், கைய விட்டா எலும்பு வரைக்கும் குளிரும். கூட்டம் குளிச்சு முடிச்சுத் துணி மாத்திக்கிட்டு மேல ஏற ஆரம்பிச்சது. ரொட்டிக்காரம்மா மட்டும் ஷூ கயிறக் கட்டிக்கிட்டே இருக்கா. கட்டுறா, அவுக்குறா, கட்டுறா. பம்பரம் அவளச் சுத்தி நாலு வட்டம் போயாச்சு.

"நீ முன்னால போம்மா. ரெண்டு நிமிஷத்துல வந்துர்றேன்."

"போகக் கூடாதும்மா. நான் வாலு."

"ஒண்ணுக்கு வருதுடியம்மா! நீ பக்கத்துல நின்னா எங்கேருந்து வரும்?"

நியாயம்தானே. வளைவு வரைக்கும் போயி, அந்தப் பக்கம் திரும்பி நின்னா. அந்த நேரம் பாத்து மேலேருந்து விசில். எல்லாரும் இருக்காங்களா?

ரெண்டு ஊதணும். ஊதினா கூட்டம் நிக்கும். கொழுந்தன் வாயத் தொறப்பான். "எங்கண்ணி புதருக்குள்ளயா?"ன்னு ஊருக்கே சொல்லுவான். அந்தம்மா மானம் போகும், அவ எழுதுவா நோட்டுல, இவ உக்காருவா ஜன்னல்ல. ரெண்டு நிமிஷந்தானேன்னு நெனச்சா. ஒண்ணு ஊதிட்டா.

மேல கூட்டம் நகந்தது. கூட்டம் நகந்தா இவ காலும் நகந்துரும். மனசு சொல்லித்தான் நடக்கணும்னு அவளுக்கு எப்பவுமே இருந்ததில்ல. அம்பது படி ஏறிட்டா. அம்பத்தொண்ணாவது படியில முதுகு உறுத்துச்சு. இத்தன வருஷத்துல அவ முதுகுக்குப் பின்னால காடு மட்டுந்தான் இருந்திருக்கு. இப்ப ஒரு ஆளு இருக்கு. வாலுக்குப் பின்னால ஒருத்தி, அதுவும் மூணு ஆள் ஆழத் தண்ணியோரமா.

எறங்குனா பாருங்க, படியிலயா எறங்குனா, வழுக்கிக்கிட்டுல்ல வந்தா. முழங்கையில தோலு போச்சு. கல்லுமேல ஷூ ஜோடியா இருக்கு. உள்ள காலுறையச் சுருட்டி வச்சிருக்கு. சட்டை மடிச்சு, அதுமேல மூக்குக்கண்ணாடி. ஆளக் காணோம். குளத்துல ஒரு அசைவும் இல்ல, ஒரு ஓரத்துல அருவி விழுற சத்தம் மட்டுந்தான்.

"அம்மா! ரொட்டிக்காரம்மா!"

பதில் இல்ல. பையக் கழட்டி எறிஞ்சா, விசில் கழுத்துல, செருப்போட குதிச்சா. அடியில போயித் தடவினா. சேறு, வேரு, கல்லு. மேல வந்து மூச்சு வாங்கிட்டுத் திரும்பவும் போனா. ரெண்டாவது தடவ மேல வர்றப்பதான், அருவிக்குப் பக்கவாட்டுல, பாறை நெழலுல, வெள்ளையா ஏதோ மெதக்குறது கண்ணுல பட்டுச்சு. நாலு வீச்சுல போயித் தோளப் புடிச்சு இழுத்தா.

"ஏய்! எவடி அவ!"ன்னு ஒரு கத்து.

பொணம் கத்துமா? உசுரோடதான் இருந்தா மகராசி. பாவாடைய நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டிக்கிட்டு, மல்லாந்து, காது ரெண்டும் தண்ணிக்குள்ள வச்சு, கண்ண மூடிக்கிட்டு மெதந்துகிட்டு இருந்திருக்கா. காது தண்ணிக்குள்ள இருந்தா எவ கூப்பிட்டாத்தான் கேக்கும்?

"ஒண்ணுக்குன்னு சொன்னீங்களே, பாவி!"

"வேற என்ன சொன்னா நீ போவ?"

பம்பரத்துக்கு அழுகையும் வருது, அறையவும் தோணுது. "ஏறுங்க வெளிய. இப்பவே ஏறுங்க."

"கொஞ்சம் பொறு தாயி." அந்தம்மா திரும்பவும் மல்லாந்துட்டா, மொகம் மட்டும் வெளிய. "ஆறு வயசுலேருந்து எனக்கு நீச்சல் தெரியும். சொன்னா எவன் நம்புறான்? பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் என் காலு என்னத் தூக்காம இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம்."

"உங்க வீட்டுக்காரரு தேடமாட்டாரா?"

"கடையிலேருந்து கொண்டாந்த ரொட்டிப் பை அவர்கிட்டதான் இருக்கு. பசிச்சா அதத் தேடுவாரு, என்ன எதுக்குத் தேடுறாரு?"

மேலேருந்து விசில் வந்துச்சு. நீளமா. எல்லாரும் இருக்காங்களா?

பம்பரம் விசில வாயில வச்சா. ரொட்டிக்காரம்மா அவ கையப் புடிச்சுக்கிட்டா. "ஒண்ணு ஊது. நீ ஒண்ணு ஊதினா ஒருத்தருக்கும் தெரியாது. பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் போயிச் சேந்துருவோம். நானும் வாயத் தொறக்கமாட்டேன், சத்தியம்."

உண்மதான். ஒண்ணு ஊதினா வேலை நிக்கும். அந்தம்மா மானமும் நிக்கும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்ச மாதிரியும் இருக்காது, ஏன்னா பாக்குறதுக்கு எவனும் இல்ல. ஆனா அடிச்சேத்துல தடவுனப்ப விரலுக்குள்ள பூந்த மண்ணு நகத்துல அப்படியே இருக்கு. அந்தம்மாவுக்கு நீச்சல் தெரியாம இருந்திருந்தா? தெரியுமா தெரியாதான்னு பாத்துட்டா இவ ஒண்ணு ஊதினா?

ரெண்டு ஊதினா. காடே அதிர்ற மாதிரி.

"போச்சு, போச்சு"ன்னு அந்தம்மா மொகத்த மூடிக்கிட்டா. படிமேல காலடிச் சத்தம் தடதடன்னு கேட்டுச்சு. பம்பரம் தண்ணிக்குள்ளேருந்தே தொண்ட கிழியக் கத்துனா:

"ஆம்பளைங்க ஒருத்தரும் வராதீங்க! பொம்பளைங்க குளிக்கிறோம்! எவனாவது எட்டிப் பாத்தான், கல்லாலயே மண்டைய ஒடப்பேன்!"

காலடி நின்னுச்சு. கொண்டையோட குரலு வந்துச்சு, வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து.

"அக்கா, யாருக்கா கூட இருக்கா?"

"ரொட்டிக்காரம்மா."

"முன்ன ஒண்ணு ஊதுனீங்களே? அப்ப அவங்க முன்னால இருந்தாங்களா?"

ரொட்டிக்காரம்மா அவசரமா இவ காதுல சொன்னா, "இருந்தேன்னு சொல்லு. நானே திரும்பி வந்துட்டேன்னு சொல்லு."

"இல்ல தம்பி! பின்னாலதான் இருந்தாங்க! நான் பொய்யா ஊதினேன்!"

மேல ஒரு முணுமுணுப்பு ஓடுச்சு. கொழுந்தன் சத்தம் கேட்டுச்சு. "அண்ணி! நீங்களா குளத்துல? அதான் மேல படி வரைக்கும் தண்ணி ஏறுது!"

இந்தத் தடவ ஒருத்தரும் சிரிக்கல. ரொட்டிக்காரம்மா மொகத்துலேருந்து கைய எடுத்தா.

"ஆமாடா, நாந்தான்! எட்டணாத் தண்ணிகூடக் கொறையல, வந்து அளந்து பாத்துக்க! நான் ஏறுறப்பதான் ஏறுவேன். பசிச்சா உங்கண்ணன்கிட்ட ரொட்டி வாங்கித் தின்னுட்டு வாய மூடிக்கிட்டு உக்காரு!"

சொல்லிட்டுக் காத ரெண்டையும் தண்ணிக்குள்ள போட்டுக்கிட்டா. இருவது நிமிஷம் ஏறல. பம்பரம் பக்கத்துலயே தண்ணியில கால ஆட்டிக்கிட்டு, கையத் தொழாவிக்கிட்டு, ஒரு மொழம்கூட நகராம, அந்தம்மா மூச்சு ஏறி எறங்குறதப் பாத்துக்கிட்டே கெடந்தா. மூணாவது அருவிக்கு அன்னிக்கு நேரமில்லாமப் போச்சு. ரெண்டு குடும்பம் மொறச்சுக்கிட்டே வேன்ல ஏறுச்சு.

சாயங்காலம் கம்பெனில கொண்டை நோட்டத் தொறந்து வச்சுக்கிட்டுப் பேனாவக் கடிச்சான். "என்னக்கா எழுத?"

"நடந்தத எழுது. மூணாவது அருவி போச்சுல்ல, அதையும் எழுது."

மொதலாளியம்மா படிச்சாங்க. ரெண்டு தடவ படிச்சாங்க. "அவங்க ஒரு வார்த்த குத்தம் சொல்லல. நீயே ஏண்டி வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிற?"

"தண்ணிக்குள்ள போயித் தேடுனது நாந்தானேம்மா."

மொதலாளியம்மா நோட்ட மூடினாங்க. "நாளைக்கு எட்டு மணிக்கு ஜன்னலுக்கு வந்துரு."

"எத்தன நாளைக்கு?"

"நீ பொய் ஊதமாட்டேன்னு எனக்கு நெஞ்சுல படுற வரைக்கும்."

மறுநாளு வாலுக்கு வேற ஒரு பொண்ணப் போட்டாங்க. வேன் கிளம்புறப்ப பம்பரம் ஜன்னல் கம்பிக்குள்ளேருந்து அவளக் கூப்பிட்டா. "இந்தா புள்ள. ஒண்ணுக்குன்னு எவளாவது சொன்னா திரும்பிக்க, ஆனா நகராத. திட்டுவா. திட்டட்டும்."

அந்தப் பொண்ணு தலையாட்டிட்டுப் போயிட்டா. பம்பரம் டிக்கெட்டக் கிழிச்சா, சில்லறை குடுத்தா, வரிசையில நின்னவங்கள அவசரப்படுத்தி வாங்கிக் கட்டிக்கிட்டா. மனசு வேன் பின்னாலயே போயிட்டு இருந்துச்சு. இப்ப மொத அருவி. இப்ப துணி மாத்துவாங்க. இப்ப வட்டக் குளம். அந்த நேரத்துல ஒரு ஆளு வந்து அஞ்சு டிக்கெட் கேட்டாரு, ஏழு குடுத்துட்டா.

வேன் அஞ்சு மணிக்கு வரணும். வரல. அஞ்சே காலுக்கும் வரல. வரிசையில நின்ன ஒரு அம்மா ஜன்னலத் தட்டுச்சு. "ஏங்க, நாளைக்கு ரெண்டு."

"இருங்கம்மா, வண்டி வரல"ன்னுட்டு பம்பரம் கதவத் தொறந்துகிட்டு ரோட்டுக்கு வந்துட்டா. மொதலாளியம்மா உள்ளேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. வேன் வந்து நின்னுச்சு, டயர் பஞ்சராம். எறங்க எறங்க இவ ஒதடு அசைஞ்சுது. பதினாலு, பதினஞ்சு, ஒரு கெழவரு கைத்தடிய ஊனிக்கிட்டுப் பதினாறு. அவருக்குப் பின்னால, ஒரு மூட்டை துண்டோட அந்தப் பொண்ணு.

"எவளாவது ஒண்ணுக்குன்னாளா?"

"ரெண்டு பேரு சொன்னாங்கக்கா."

"நகந்தியா?"

"நகரலக்கா. ஒருத்தி செருப்பக் கழட்டி எறிஞ்சா."

"பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"நல்லது"ன்னுட்டு பம்பரம் விடுவிடுன்னு ஜன்னலுக்குத் திரும்பி ஓடுனா. ரெண்டு டிக்கெட் கேட்ட அம்மா இன்னும் நின்னுகிட்டு இருந்துச்சு.