விருத்தாசலத்திலிருந்து எடுத்துப்போன ஹெல்மெட்

அன்று அங்கே இருந்தவர்கள்: நான், என் மனைவி, பத்து வயதாகும் எங்கள் மகள், சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் என் மச்சான், ஐஸ் தளத்தின் வாசலில் நின்று ஆட்களை உள்ளே விடும் ஒரு பெண், அதற்கு முன் நான் பார்த்தேயிராத ஓர் அம்மா, அவருடைய மகன். இன்னும் நிறையப் பேர் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகம் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. யார் யார் எப்படி விழுந்தார்கள் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது.

அரைப் பரீட்சை லீவு. என் மகள் செல்போனில் ஐஸ் சறுக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, சாக்ஸ் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு டைல்ஸ் தரையில் கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் சறுக்கிக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு மாலில் நிஜமான ஐஸ் இருக்கிறது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மச்சான் போன் செய்ததும் வீட்டில் இரண்டு பேருக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். பிள்ளை மாடிப்படி ஏறினாலே பின்னால் கையை நீட்டிக்கொண்டு போகிறவன் நான்.

கடைசியில், ஹெல்மெட் போட்டுக்கொண்டால் சறுக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். ஹெல்மெட் என்றால் எனக்குத் தெரிந்தது வண்டி ஹெல்மெட்தான். என்னுடையதை எடுத்து, அவள் தலைக்குப் பெரிதாக இருந்ததால் உள்ளே சுற்றிலும் ஸ்பான்ஜை வெட்டி அடைத்தேன். எனக்கு இது கைவந்த வேலை. பீங்கான் பொம்மை செய்யும் இடத்தில் சூளையிலிருந்து இறக்குவதும், வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுவதும்தான் என் பிழைப்பு. அந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் சென்னை போய்ச் சேர்ந்தேன். பைக் எங்கேண்ணே என்று கண்டக்டர் கேட்டதற்கு மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐஸ் தளத்தின் வாசலில் இருந்த பெண் அதைப் பார்த்ததும் கூடாது என்று சொல்லிவிட்டார். கண்ணுக்கு இரண்டு பக்கமும் மறைக்கும், பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியாது, கனமும் அதிகம், இதோடு உள்ளே விட முடியாது என்றார். அப்படியானால் உங்களிடம் இருக்கும் ஹெல்மெட்டைக் கொடுங்கள் என்றேன். சின்னக் குழந்தைகளுக்குத்தான் வைத்திருக்கிறோம், பத்து வயதுக்குக் கட்டாயமில்லை என்றார். நான் எட்டாவதோடு நின்றவன். சுவரில் இருந்த ஆங்கில அறிவிப்பை மகளைப் படிக்கச் சொன்னேன். அதிலும் அப்படித்தான் இருந்தது. விழுந்தால் அவரவர் பொறுப்பு என்றும் இருந்ததாம். அதை அவள் மெல்லமாகப் படித்தாள்.

மச்சான் தளத்தைக் கை காட்டினார். அத்தனை பிள்ளைகளில் ஒன்றிரண்டு தலையில்தான் ஹெல்மெட் இருந்தது.

"இத்தினி பேருக்கு இல்லாத மண்டையா நம்ப புள்ளைக்கு? வுடுங்க மாப்ள."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தரையில் ஓடும் பிள்ளை தடுக்கினால் முன்னால் விழும், கையை ஊன்றும், முட்டி தேயும், அதோடு போகும். ஐஸில் அப்படி இல்லை. கால் முன்னால் போய்விடுகிறது, உடம்பு பின்னால் வருகிறது. பின்னால் ஊன்றக் கை இல்லை. பெரியவர் ஒருவர் அப்படி உட்கார்ந்தார், சிரித்துக்கொண்டே எழுந்தார். அடுத்து விழுந்த ஒரு பெண் குழந்தையின் பின்னந்தலைக்கும் ஐஸுக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை. வேண்டாம், போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

மகள் அழவில்லை. வாடகைக்கு வாங்கிக் கட்டியிருந்த ஸ்கேட் ஷூவின் கயிற்றை அவளே அவிழ்க்க ஆரம்பித்தாள். அதுதான் என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, பொம்மைக்கு வைக்கோல் வெச்சிக் கட்டறீங்களே, அது என்னாத்துக்கு? அனுப்பறதுக்குத்தானே? கட்டி வூட்லயே வெச்சிக்கறதுக்கா?"

வைக்கோல் இல்லாமல் அனுப்பச் சொல்கிறார்களே என்று மட்டும் முணுமுணுத்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். அவர் மகன் சறுக்கி முடித்து வெளியே வந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தான். நான் அந்தப் பெரிய ஹெல்மெட்டோடு நின்றதைக் கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மகனின் சறுக்கு ஹெல்மெட்டை என்னிடம் நீட்டி, அளவு சரியாக இருக்கும், போட்டுப் பாருங்கள் என்றார். நீங்கள் பயப்படுவது நியாயம்தான், நானும் இவனை இது இல்லாமல் விடுவதில்லை என்றும் சொன்னார். என் பயத்தை யாரும் நியாயம் என்று சொன்னதில்லை. நான் நன்றி சொல்லக்கூட மறந்து வார் மாட்டுவதில் இறங்கிவிட்டேன்.

மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று போனாள். பிறகு கையை விட்டாள். டைல்ஸில் பழகியது வீண் போகவில்லை. எங்களைப் பார்த்துக் கை ஆட்டினாள். ஆட்டிய கையோடு கால் முன்னால் போனது. நான் கம்பியருகில் நின்று பார்த்துப் பயந்தது அப்படியே நடந்தது. பின்னந்தலை ஐஸில் பட்ட சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது.

வாசல் பெண் கூப்பிடக் கூப்பிட நான் செருப்போடு ஐஸில் இறங்கிவிட்டேன். இரண்டு முறை விழுந்து, மீதியைத் தவழ்ந்து போனேன். போனவன் பிள்ளையைத் தூக்கவில்லை. குனிந்து, காதைக் கிட்டே வைத்து, விரல் முட்டியால் தலையைத் தட்டினேன். சூளையிலிருந்து இறக்கும் ஒவ்வொரு உருப்படியையும் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். ணங்கென்றால் நல்லது. டொப்பென்றால் உள்ளே விரிசல், செகண்ட்ஸ் என்று தனியே ஒதுக்கிவிடுவோம். தட்டினேன். டொப்பென்றது.

"அப்பா, அது ஹெல்மெட்டுப்பா. என் தலை உள்ள இருக்குது."

மச்சான் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"என்னா மாப்ள, தேறுமா? செகண்ட்ஸா?"

கேட்டுக்கொண்டே அவரும் கம்பியைத் தாண்டக் காலைத் தூக்கியிருந்தார்.

வெளியே கொண்டுவந்து உட்கார வைத்ததும் அந்த அம்மாதான் முன்னால் வந்தார். தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா, எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மகள் சரியாகப் பதில் சொன்னாள். ஆனாலும் இன்றைக்குப் போதும், ராத்திரி வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது மாறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் மச்சான் வீட்டில் மூன்று தோசை சாப்பிட்டாள்.

ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் முடி கனத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. நான்தான் கண்டுபிடித்து அந்த அம்மாவிடம் காட்டினேன். விரிசல் இல்லாவிட்டாலும் ஒரு தடவை அடிவாங்கியதை மறுபடி போடக்கூடாது, பரவாயில்லை, வேலையைச் செய்துவிட்டது என்றார். விலையைச் சொல்ல மாட்டேன் என்றார். அவர் மகன்தான் சொன்னான், ஆயிரத்து நானூறு. பஸ்ஸுக்கு வைத்துக்கொண்டு ஐந்நூறு கொடுத்தேன். மிச்சத்தை அனுப்புகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்தபடி, அடுத்த லீவுக்கு வரலாமா என்று கேட்டாள். வரலாம் என்று என் வாயே சொன்னது. மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இப்போது மகள் அளவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கி, என் ஹெல்மெட்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறோம். என் பயம் போய்விடவில்லை. அதற்கு ஓர் அளவு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தால் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார், பணத்தை எப்படி அனுப்புவது என்றால் பேச்சை மாற்றுகிறார். பொங்கலுக்கு ஒரு ஜோடி பீங்கான் யானையை வைக்கோல் வைத்து நானே கட்டி அனுப்பினேன். உடையாமல் வந்து சேர்ந்தது, கணக்கு தீர்ந்தது என்றார். யானை நான் பிரியப்பட்டு அனுப்பியது. அதை எப்படி ஹெல்மெட் கணக்கில் கழிப்பது? அந்தக் கணக்கில் நான் தர வேண்டியது இன்னும் தொள்ளாயிரம் ரூபாய்.