சேவூருக்கு அப்பால் மூடி நிற்கும் சிலை

சென்ற ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை ஆரணிக்குப் போனேன். பட்டுப் புடவை எடுக்க அல்ல. முப்பத்தோரு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். நம் அரசியல் சட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞரின் வாழ்க்கையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்றபின், போகிற ஊரிலெல்லாம் அவர் சிலையைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. சேவூருக்கு அப்பால் ஒரு சிலையின் முகத்தை ஆறு ஆண்டுகளாக யாரும் பார்த்ததில்லை என்று ஒருவர் சொன்னார். அதனால் கிளம்பினேன்.

வேலூரில் பகல் 1.40க்குப் பேருந்து. கண்ணமங்கலம் வழியாக 40 கிலோமீட்டர், கட்டணம் 36 ரூபாய். 3.15க்கு ஆரணி. ஆட்டோக்காரர் 150 கேட்டார், 120க்கு ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை.

"ரோட்டு மேலயே எறக்கி உட்டுடுவேன். கிட்டக்க வரமாட்டேன்."

"ஏன்பா?"

"ஆடிக் காத்துல அது மூச்சு உடும்மா. நீங்களே பாருங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு இறங்கினேன். இரு பக்கமும் நெல் வயல். சாலையோரப் பீடத்தில், ஆளுயரத்துக்கும் கூடுதலாக ஓர் உருவம், கழுத்திலும் இடுப்பிலும் கட்டப்பட்ட துணிக்குள் நின்றது. சுட்டிய கை துணியைக் கூடாரம் போல் தூக்கிப் பிடித்திருந்தது. காற்று அடித்தபோது அந்த விரல் என் பக்கம் திரும்பியதாகத் தோன்றியது. துணி அசைகிறது, அவ்வளவுதான் என்று எனக்கே பாடம் சொல்லிக்கொண்டேன்.

சிலையடியில் இருவர் இருந்தார்கள். ஒருவர் முனுசாமி, ஓய்வுபெற்ற நடத்துநர். மற்றவர் செல்வி, சேவூரில் விசைத்தறிக்குப் போகிறவர். இருவரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள், பக்கத்தில் யாரோ தூங்குவது போல.

முனுசாமிதான் விவரம் சொன்னார். குடியிருப்பு மக்கள் சேர்ந்து வைத்த சிலை. பீடம் நிற்கும் இடம் யாருடையது என்று வழக்கு. தீர்ப்பு வரும்வரை திறப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். முகம் வெளியே தெரிந்தால் அன்றே அதிகாரிகள் சிலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வியாழன்தோறும் ஐந்தரைக்குக் கிராம உதவியாளர் வந்து, மூடியிருக்கிறது என்பதற்குப் படம் எடுத்து அனுப்புகிறார்.

"ராத்திரியில ஒரு தபா தொறந்து பாக்கத் தோணலையா?" என்றேன்.

"அவரு எழுதின சட்டம்மா. அவருக்காக நாங்களே அத மீறினா, மொதல்ல அவருதான் எங்களக் கேப்பாரு."

முதலில் அதிகாரிகள் கோணியால் மூடினார்களாம். பெண்கள் போய்ச் சண்டை போட்டு எடுக்க வைத்திருக்கிறார்கள். பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சேர்க்கப்படாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் தனியாக உட்கார்ந்து படித்தவர் அவர். இதைச் சொல்லும்போது என் வகுப்பு எப்போதும் அடங்கிப்போகும். வெள்ளைத் துணியையும் வேண்டாம் என்றுவிட்டார்கள், பிணத்துக்குப் போர்த்தியது போல இருக்குமென்று. ஆகவே நீல நூல் துணி. அதுவும் ஆடிக் காற்றில் நெடுகக் கிழிந்திருந்தது.

அன்று செல்வி பட்டு கொண்டுவந்திருந்தார். சாயம் திட்டுத் திட்டாக ஏறியதால் முதலாளி கழித்துவிட்ட நீலப் புடவை. முனுசாமிக்குப் பயம்.

"பட்டு வழுக்கும் புள்ள. முடிச்சு நிக்காது."

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் நெய்யறோம், அவருக்கு ஒண்ணு கட்டக்கூடாதா? ஜல்தியா ஏறுங்க, படம் எடுக்கறவரு வந்துகினு இருப்பாரு."

துணி மாற்றுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். புதியதை மேலே போட்டபின் பழையதை அடியிலிருந்து உருவ வேண்டும். ஏணியில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். முனுசாமி சொன்னது சரிதான், கழுத்து முடிச்சு இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். வயல் பக்கம் பார்த்தபடி ஏணியில் நின்று துணியை அழுத்தினேன். விரலடியில் கண்ணாடியின் வளைவு, மூக்கு, பிறகு மூடிய உதடுகள். சிமெண்ட் சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். பகல் வெயிலில் அது உடம்பு போலச் சுட்டது. முனுசாமி முடிச்சை இறுக்கியதும் இறங்கிவிட்டேன்.

உதவியாளர் 5.35க்கு வண்டியில் வந்தார். கைப்பேசியை உயர்த்தினார். அப்போது எதிர் வயல் பக்கமிருந்து காற்று ஒரே வீச்சாக அடித்தது.

பட்டு முகத்தோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடி, நெற்றி, கன்னம் எல்லாம் நீலத்தில் எழுந்து வந்தன. வாய் இருக்கும் இடத்தில் துணி உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. அது மூடிய வாய். என் விரல் தொட்ட வாய். இருந்தும் அடுத்து ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன்.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டார். ஆறு ஆண்டில் இன்றுதான் பார்க்கிறார். முனுசாமியின் முகம் வெளுத்துவிட்டது. "காத்து நிக்கட்டும் சார், அப்பறமா எடுங்க," என்றார்.

உதவியாளர் கைப்பேசியை இறக்கவில்லை. "துணி கீதா?"

"கீதுங்க."

"கட்டு அவுந்துச்சா?"

"இல்லீங்க."

"மூடித்தானே கீது." படம் எடுத்தார், அனுப்பினார். பிறகும் வண்டியை எடுக்காமல், காற்று அடங்கும்வரை எங்களோடு நின்றார்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: சேவூரிலிருந்து ஆரணிக்கு நகரப் பேருந்து 6.20க்கு, பத்து ரூபாய். தண்ணீர் கொண்டுபோங்கள், அருகே கடை இல்லை. மற்ற மாதங்களில் போனால் நீலத் துணி மட்டும்தான் தெரியும், ஆடியில் போங்கள். முடிச்சை யாரும் தொட வேண்டாம். ஐந்து மணிக்குமேல் எதிர் வயலுக்கு முதுகு காட்டி, சிலையைப் பார்த்தபடி காற்று வரும்வரை நில்லுங்கள்.