குதிரை போகட்டும் என்று விட்டவள்

விவேக் நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் செஸ் போட்டி நடந்தது. தொண்ணூறுகளின் கடைசி. என் மகளுக்கு ஒன்பது வயது. கடைசிச் சுற்றில் ஜெயித்தால் மாவட்ட அணியில் இடம். பொம்மசந்திரா தொழிற்சாலையில் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு நான் ஹாலுக்கு வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெற்றோர் வாயைத் திறக்கக் கூடாது என்று காலையிலேயே எச்சரித்திருந்தார்கள்.

காய்கள் எப்படி நகரும் என்பது வரை எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் அவள் தானாகப் படித்தது.

அவள் குதிரையைத் தூக்கினாள். கை போன திசையைப் பார்த்தேன். அங்கே வைத்தால் எதிராளியின் சிப்பாய் அதை வெட்டிவிடும்.

"அய்யோ, குதிரை!"

ஹால் முழுக்க என் பக்கம் திரும்பியது. அவள் திரும்பவில்லை. நான் பயந்த அதே கட்டத்தில் குதிரையை வைத்துவிட்டு ஆட்டக் கடிகாரத்தை அழுத்தினாள்.

எதிரே ஆடிய சிறுமியின் அம்மா உள்ளேயே போய்விட்டார். "நோடி சார், நீங்களே பாருங்க, காய் கையில இருக்கறப்பவே இவரு கத்தினாரு. இது சிக்னல் இல்லாம என்ன? இந்த கேமை கேன்சல் பண்ணுங்க."

நடுவர் என்னைக் கூப்பிட்டார். ஜன்னலை விட்டு உள்ளே போனேன். என் ஒரு வார்த்தையால் அவள் இடம் போய்விடும்.

"எதுக்கு கத்தினீங்க?"

"சிப்பாய் குதிரைய வெட்டிடும்னு சார். தெரியாம வந்துடுச்சு."

நடுவர் பலகையைக் குனிந்து பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் சொன்னார்: "மேடம், இவரு பேச்சக் கேட்டிருந்தா குழந்த வேற இடத்துல வெச்சிருக்கும். இவரு சிக்னல் கொடுத்திருந்தா, அது தப்பான சிக்னல். கேம் முடிஞ்சுபோச்சு. இது செக்மேட், இந்தக் குழந்த ஜெயிச்சாச்சு."

அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எனக்கு இன்னும் புரியவே இல்லை.

பஸ் ஸ்டாப்பில்தான் அவள் விளக்கினாள். குதிரைக்குப் பின்னால், எதிராளியின் ராஜாவுக்கு நேரே, அவளுடைய யானை நின்றிருக்கிறது. குதிரை விலகியதும் யானையும் செக், குதிரையும் செக். சிப்பாய் குதிரையை வெட்டினால் யானையின் செக் மிச்சம். யானையின் வழியை மறித்தால் குதிரையின் செக் மிச்சம். ராஜா நகர்ந்துதான் தப்ப முடியும். சுற்றிலும் அதன் சொந்தக் காய்கள்; காலியாக இருந்த ஒரே கட்டமும் யானையின் வழியில்.

"இதுக்குப் பேரு டபுள் செக்ப்பா. நீ குதிரையவே பாத்துட்டு இருந்த. ராஜாவப் பாக்கவே இல்ல."

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு."

"அப்புறம் எப்படிம்மா அங்கேயே வெச்ச?"

"நீ எப்பவும் பயப்படுவியேப்பா," என்றாள், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரரிடம், கண்டக்டரிடம், குதிரையை எங்கே வைத்தாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு எத்தனையோ ஹால்களுக்கு அவளுடன் போய்விட்டேன். ஜன்னல் பக்கம் மட்டும் போவதில்லை. தெருவுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன். அங்கிருந்தும், அவள் ஏதோ ஒரு காயைத் தூக்கியிருப்பாள் என்று நினைத்த மாத்திரத்தில், என் கை தானாக வாயைப் பொத்திக்கொள்ளும்.