ஐந்து வீட்டு அடைக்கோழிகள்

கல்யாணமாகி ஆலங்காயத்துக்குப் பக்கத்து ஊருக்கு நான் போனபோது எங்கள் வீட்டில் இருந்த பெரிய சாமான் ஒன்றே ஒன்றுதான். அது குஞ்சு பொரிக்கும் பெட்டி. என் கணவர் மிஷன் கோழிப்பண்ணையில் வேலை கற்றவர். சீமைக்கோழி முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து, ஊர்க் குடும்பங்களுக்குக் கொடுப்பதற்காகப் பண்ணைக்காரர்கள் அந்தப் பெட்டியோடு அவரை மலையடிவாரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் இருந்ததே ஒரு அறையும் சமையல்கட்டும். பெட்டி அறையில் பாதியை எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் நாங்கள் பாயை விரித்துக்கொண்டோம்.

மரப்பெட்டி. நாலு கால், முன்னால் கண்ணாடிக் கதவு. பக்கவாட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரியும். அதன் சூடு குழாய் வழியாக உள்ளே போகும். உள்ளே தட்டில் நூறு முட்டை வரை அடுக்கலாம். உஷ்ணமானி நூற்று மூன்றைவிட்டு அதிகம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் முட்டைகளைத் திருப்பிவைக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினோம் என்று தெரிய ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறு பக்கம் சுழியும் பென்சிலால் போட்டிருப்போம். முதல் மாதமே அந்த வேலை என் கைக்கு வந்துவிட்டது. "உன் கை மெத்துன்னு இருக்கு. என் கை முரடு" என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் நீண்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பாதிரியார் ஆமென் சொல்வதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். அந்த வீட்டு அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கேழ்வரகு திரிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பாள். பெட்டியின் மேல் அவளுக்கு இருந்த ஒரே பயம் தீ. "கூரை வூட்டுக்குள்ள இருவத்தொரு நாளு விளக்கு எரியவுட்றீங்க. பத்திக்கிட்டா எங்க வூடும் சேந்துதான போவும்?" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுவாள். முதல் தடவை குஞ்சு பொரித்தபோது மட்டும் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேழ்வரகு திரிக்கப் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. அப்புறம் யுத்தம். பர்மா ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு, அங்கிருந்து வந்துகொண்டிருந்த மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஊரில் எல்லோரும் ஆமணக்கெண்ணெய்க்கும் புங்க எண்ணெய்க்கும் திரும்பிவிட்டார்கள். பெட்டிக்கென்று பண்ணையிலிருந்து ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினால் வாணியம்பாடியில் கொஞ்சம் கிடைக்கும்.

அந்தத் தடவை முட்டை வைத்துப் பதினாலாம் நாள். தகர டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே விளக்கை வைத்து, ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உயிர் பிடித்தவை நாற்பத்தெட்டு. அதைக் குறித்துக்கொண்டு அவர் மண்ணெண்ணெய்க்குக் கிளம்பினார். "ரெண்டு நாள்ல வந்துடுவேன். அதுவரைக்கும் எண்ணெய் தாங்கும்" என்றார்.

அன்று மதியமே மலையில் மழை பிடித்தது. காட்டாறு வந்து பாதையை அறுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பஸ் வரவில்லை. பதினாறாம் நாள் காலையில் விளக்கைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் சலசலத்தது.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். யாரிடமும் ஒரு சொட்டு இல்லை. ஒரு வீட்டில் புங்க எண்ணெய் கொடுத்தார்கள். அதை ஊற்றினேன். திரி கரிந்து புகைதான் வந்தது. உஷ்ணமானி தொண்ணூறுக்கு இறங்கிவிட்டது. முட்டைத் தட்டின் மேல் என் கம்பளியைப் போட்டு மூடிவிட்டு, வேலியோரம் போய் நின்றேன். அழக்கூடாது என்றுதான் போனேன்.

"இன்னா தங்கச்சி, மூஞ்செல்லாம் கரி?" என்றாள் அக்கா.

"விளக்கு அணையுதுக்கா. அவரு வரல. முட்டையெல்லாம் செத்துடும்."

"எத்தினி நாளு ஆச்சு வெச்சு?"

"பதினாறு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "என் வூட்டுல ஒண்ணு அடைல கீது. மேலத்தெருவுல ரெண்டு கீது. இன்னும் யாராண்ட கீதுன்னு கேக்கறேன். நீ போய் முட்டைங்கள எடுத்துனு வா."

கூடையில் தவிடு பரப்பி, கம்பளியில் சுற்றி, முட்டைகளைக் கொண்டு போனேன். அவள் கொல்லையில் பானைக்குள் கோழி உட்கார்ந்திருந்தது. அக்கா அதன் வயிற்றுக்கடியில் கையை விட்டு, அது ஏற்கனவே அடைகாத்துக்கொண்டிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சட்டியில் போட்டாள். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அக்கா, உன் முட்டை?"

"இதுங்க நாலு நாள் முட்டைதான். போவட்டும். உன்னுது உசுரு வந்த முட்டை."

கோழி ஒரு தடவை கொக்கரித்தது. பிறகு என் பத்து முட்டைகளையும் அலகால் உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

இப்படியே ஐந்து வீடு. நாலு கோழிக்குப் பத்துப் பத்து, கடைசிக் கோழிக்கு எட்டு. எல்லா வீட்டிலும் அக்காதான் பேசினாள். எல்லாரும் தங்கள் முட்டைகளை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார்கள். நான் யாருக்கும் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அந்த அவசரத்தில் அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இருபத்தோராம் நாள் குஞ்சு பொரித்தது. ஐந்து வீட்டிலுமாக முப்பத்தொன்பது.

மறுநாள் அவர் வந்தார். சேற்றில் நடந்து, இரண்டு புட்டி மண்ணெண்ணெயைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு. வந்தவர் என்னைக் கூடப் பார்க்காமல் பெட்டியின் கதவைத் திறந்தார். தட்டு காலி. கதவை மூடினார். "போனா போவட்டும். நீ இன்னா பண்ணுவே" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆறு நாளாக வாணியம்பாடியில் உட்கார்ந்து அந்த முட்டைகளுக்காகத் துக்கம் காத்திருக்கிறார் மனுஷன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கையைப் பிடித்து அக்கா வீட்டுக் கொல்லைக்குக் கூட்டிப்போனேன்.

கறுப்பும் சிவப்புமான நாட்டுக்கோழி. அதன் இறக்கைக்கு அடியிலிருந்து மஞ்சள் மஞ்சளாகத் தலைகள். அவர் அப்படியே சேற்றில் குந்திவிட்டார்.

"எப்போ எடுத்துனு போலாம்?" என்று கேட்டார்.

"எடுத்துனு போறதா?" என்றாள் அக்கா. "என் முட்டைய எடுத்துப் போட்டுட்டு உங்க முட்டைய வெச்சேனுங்க. கோழி என்னுது. கோழி இப்ப அதுங்கள தன் புள்ளைன்னு நெனச்சினு கீது. அதாண்ட போய் நீங்களே கேட்டுப் பாருங்க."

அவர் கேட்டுத்தான் பார்த்தார். ஒரு குஞ்சை எடுக்கக் கையை நீட்டினார். கோழி மணிக்கட்டில் கொத்திய கொத்தில் ரத்தம் வந்தது. அக்கா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். மற்ற நாலு வீட்டுக்கும் அவர் போகவேயில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் என்மேல் கோபம். "பண்ணை முட்டை. யாரக் கேட்டுக் குடுத்தே? நான் இன்னான்னு எழுதறது?"

"செத்துடுச்சின்னு எழுதறதுக்கு, கொடுத்துட்டேன்னு எழுதலாம் இல்லீங்களா? நீங்க வந்ததே கொடுக்கறதுக்குத்தானே?"

அன்று முழுக்கக் காலித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பண்ணைக்குக் கடிதம் எழுதினார். 'ஐந்து குடும்பங்களுக்கு விநியோகிக்கப்பட்டது' என்று எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை.

குஞ்சுகள் வளர்ந்தன. ஐந்து கொல்லைகளிலும் வெள்ளை வெளேரென்று பெட்டைகள் மேய்ந்தன. நாட்டுக்கோழியைவிட அதிகமாக முட்டையிட்டன. அக்காவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் அடுத்த வருஷம் ஒரு நாள் கோபமாக வந்தாள்.

"இன்னா கோழி குடுத்தே நீ? போடுது, போடுது, போட்டுனே கீது. உக்காரவே மாட்டேங்குது."

என் கணவர் சிரித்தார். அந்த ஜாதிக் கோழிக்கு அடைகாக்கும் குணமே கிடையாது, முட்டையிட்டுவிட்டுப் போய்விடும் என்று விளக்கினார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்போ அதுக்குப் புள்ளைங்க எப்படி?"

அவர் பெட்டியைக் காட்டினார்.

யுத்தம் முடிந்து மண்ணெண்ணெய் கொஞ்சம் தாராளமான பிறகு பெண்கள் பொரிக்க வேண்டிய முட்டைகளோடு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். முந்தானையில் முடிந்து, சொம்பில் போட்டு, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து சந்தைக்கு இறங்கி வரும் மலைக்காரப் பெண்கள் தினையில் புதைத்து. பொரிக்கும் நாளில் எங்கள் அறையில் கால் வைக்க இடம் இருக்காது. முட்டைக்குள்ளிருந்து முதல் கீச்சுச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுபோகும். யாரும் கதவைத் திறந்துவிடாதபடி அக்கா பெட்டியின் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். தெருவில் நின்று ஆண்கள் சோறு கேட்டுக் கூப்பிடுவார்கள். "குஞ்சு வருது, இருங்க" என்று உள்ளேயிருந்து பதில் போகும்.

பிறகு அவருக்குப் போளூருக்கு மாற்றலாயிற்று. பெட்டியும் எங்களோடு வந்தது. போளூரில் அதற்கென்று தனி அறை, வேலைக்கு ஆட்கள், எல்லாம் இருந்தன. நான் முட்டையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பொரிக்கும் நாளில் மட்டும் ஒரு முறை போய்ப் பார்ப்பேன். அந்த அறையில் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவேன்.