சிவந்த தீயும் பானையின் அடியும்

கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பவனுக்குச் சோறு போடுவது நீலத் தீ அல்ல, சிவப்புத் தீதான். "அடுப்பு செவப்பா எரியுது" என்று போன் வந்தால் காரணம் வெறும் தூசியாகவும் இருக்கலாம், உயிருக்கே உலை வைக்கும் கோளாறாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய நான் பட்ட பாட்டை, வீட்டில் அடுப்பு வைத்திருக்கும் நீங்களும் கேளுங்கள்.

மாடியில் தேய்த்தார்கள்

பாளையங்கோட்டையில் ஒரு டீச்சர் வீடு. பர்னர், டியூப், ரெகுலேட்டர் எல்லாம் மாற்றியும் தீ செக்கச்செவேல் என்றே எரிந்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போது மாடியில் சுவருக்குப் பட்டி பூசி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் டீ குடிக்க இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் தீ தானாக நீலமானது. அவர்கள் மறுபடி தேய்க்கவும் மறுபடி சிவப்பு!

மாடியிலிருந்து பறந்து வரும் பட்டித் தூள் எரியாது, தீக்குள் புகுந்து நிறத்தை மட்டும் மாற்றும் என்று விளக்கினேன். நான் கழற்றிப் போட்ட சாமான்களை டீச்சர் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நேரமா நீங்க எதைத் தம்பி ரிப்பேர் பண்ணுனீங்க?"

பாபநாசத்து டீக்கடை

கடைக்காரர் தினமும் பற்றவைக்கும் முன் பர்னர் மேலேயே திருநீற்றைத் தூவிக் கும்பிடுவார். துளையெல்லாம் அடைத்து, தீ மஞ்சளாகத் தள்ளாடியது. சுத்தம் செய்துவிட்டு, இனி அடுப்பின் முன்பக்கம் பூசினால் போதும் என்றேன். அவர் யோசித்தார்.

"நெத்தியில பூசணும், தலையில கொட்டப்படாதுங்கீரு, அவ்வளவுதானே வே?"

அம்பாசமுத்திரத்து போன்

இரண்டு அனுபவம் கிடைத்ததும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து செல்வி என்ற பெண் போன் செய்தாள். ஒற்றை அறை வீடு, அடுப்புக்குப் பக்கத்திலேயே கைக்குழந்தையின் தொட்டில். தீ சிவப்பாம். "தூசிதாம்மா, ஒண்ணும் ஆகாது" என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது, பானை கறுக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. தூசித் தீ பானையைக் கறுப்பாக்காது. காற்று போதாமல் எரிகிற தீதான் கரி பூசும், மூடிய அறையில் விஷவாயுவால் ஆளையே கொல்லும். திரும்ப அழைத்தால் போன் எடுக்கவில்லை. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் போன ஒரு மணி நேரமும் அவள் நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்தினேன்.

போய்ப் பார்த்தால் தொட்டில் வெளியே வேப்பமரத்தில் ஆடுகிறது, குழந்தை தூங்குகிறது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுப்பை அணைத்து, போனை உள்ளேயே போட்டுவிட்டு, செல்வி மரத்தடியில் இருந்தாள். பானை அடி முழுக்கக் கரி. பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டிக் காற்றை அடைத்திருந்தது. எடுத்ததும் தீ நீலமானது. மன்னிப்பு கேட்டேன். செல்வி சிரித்துவிட்டாள்.

"நீங்க ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னீய அண்ணாச்சி. ஆனா பானை கறுத்துட்டுல்லா, நான் பானையை நம்பிட்டேன்."

இப்போதெல்லாம் யார் போன் செய்தாலும், என் அனுபவத்தைப் பேசவிடாமல் முதலில் பானையின் அடியைத்தான் விசாரிக்கிறேன்.