வெர்லின் கண்டுபிடித்த தோட்டா

என் வீட்டுக்காரர் வெர்லின் ஆசெனுக்குச் சாலை வேலை. மொன்டானாவின் கிழக்கோரத்தில் எங்கள் மாவட்டத்து மண் சாலைகளை ஒரு ராட்சத வண்டியால் வழித்துச் சமன்படுத்துவார். குளிர்காலத்தில் அதே வண்டியால் பனியைத் தள்ளுவார். எதிரே வருகிறவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். இவர் பதிலுக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். இரண்டு விரல் தூக்கினால் சொத்து கரைந்துவிடும் போல.

பேச்சில் சிக்கனம், மற்ற எல்லாவற்றிலும் அளவு. நான் உப்பைக் கையால் அள்ளிப் போட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார். வீட்டு நிலவறையில் அவருக்கென்று ஒரு மேசை, ஒரு தராசு, கையால் அழுத்தும் ஒரு அச்சு உண்டு. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்தி, மறுபடி தோட்டாவாக்கி அடுக்குவார். ஞாயிற்றுக்கிழமைச் சர்ச்சுக்குக் காட்டாத பக்தியை அதற்குக் காட்டுவார்.

எங்கள் ஊரில் முக்கால்வாசி ஆண்கள் இப்படித்தான். வசந்தம் வந்ததும் தரையணில்கள் மேய்ச்சல் நிலமெல்லாம் வளை தோண்டிவிடும். மாட்டின் கால் அதில் இறங்கினால் ஒடிந்தது என்று அர்த்தம். அதனால் பண்ணைக்காரர்களே கூப்பிட்டுச் சுடச் சொல்வார்கள். இருநூறு கஜத்துக்கு அப்பால் ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பிராணி. கடையில் வாங்கிய தோட்டாவோடு அதைச் சுடப் போகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ருசி வேறு. ஒன்றுக்குச் சேரும் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. புது மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாத மாமியார் மாதிரி, மாற்றி மாற்றிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நூறு கஜத்தில் காகிதக் குறி வைத்து ஐந்து சுட்டால் ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்க வேண்டும். அடங்கிவிட்டால் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தானியக் கிடங்கு அலுவலகத்தின் காலைக் காபி மேசையில் விரித்துக் காட்டுவார்கள். அந்த அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. காபி போடுவதும் நான்தான்.

ஒரு வருடம் வெர்லினின் சின்னத் துப்பாக்கியில் குழல் தேய்ந்துபோனது. புதுக் குழல் போட்டுக் கொடுத்தவர் ஹார்லன் மிக்கெல்சன். வீட்டுக் கொட்டகையில் லேத் வைத்திருந்தவர். தோட்டா உட்காரும் அறையைக் குழலுக்குள் மயிரிழை பிசகாமல் கடைந்தெடுக்க எங்கள் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. வெர்லினுக்கு மூத்தவர். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்.

துப்பாக்கியை வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். ஹார்லன் ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் அடியிலுள்ள மரக்கட்டைக்கும் நடுவில் விட்டு, நுனியிலிருந்து பின்கோடி வரை இழுத்துக் காட்டினார். இங்கே எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். நோட்டு எங்கேயாவது முட்டினால் குழல் கட்டையைத் தொடுகிறது, குறி சிதறும். நோட்டு வழுக்கிக்கொண்டு போனது.

“போதுமாடா?” என்றார் ஹார்லன்.

“உன் வேலைக்கு இதெல்லாம் எதுக்குய்யா?” என்றார் வெர்லின்.

வீட்டுக்கு வந்ததும், படுத்துச் சுட வசதியாக, கட்டையின் அடியில் இரண்டு கால் தாங்கி ஒன்றைப் பொருத்தினார். அதனுடைய ஸ்க்ரூ எங்கோ விழுந்துவிட்டது. டப்பாவில் கிடந்த வேறொன்றைப் போட்டு முறுக்கினார்.

அதிலிருந்து பிடித்தது சனி. எந்த மருந்தைப் போட்டாலும் தோட்டாக்கள் திசைக்கொன்றாகப் போயின. மருந்தை மாற்றினார், குண்டை மாற்றினார், கூடுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரித்தார். வசந்தம் முடிந்து கோடை வந்தது. சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் விழுங்கிவிட்டு நிலவறைக்கு இறங்குவார். சரிவராத தோட்டாக்களை ஒரு பெரிய தகர டின்னில் கொட்டிவைத்தார்.

காபி மேசையில் பண்ணைக்கார லைல்தான் வாய்க்காரர். ஹார்லன் வராத ஒருநாள் அவர் ஆரம்பித்தார்.

“என்னய்யா வெர்லின், இன்னும் பொத்தான் அகப்படலையா?”

“போன வாரம் காட்டுனானே, காபி சாஸர் சைஸுல,” என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லினுக்குக் காது சிவந்துவிட்டது.

“மருந்துல ஒண்ணும் இல்ல. அறையைக் கோணலா வெட்டியிருக்கான்,” என்றார்.

“யாரு, ஹார்லனா?”

“அவன் கப்பைப் பிடிக்கிறதை நீங்க பாத்ததே இல்லையா? ரெண்டு கையாலதான பிடிக்கிறான்.”

சிரிப்பு நின்றுபோனது. அந்தக் கை நடுக்கத்தை எல்லோரும் பார்த்துத்தான் இருந்தார்கள், யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று வீட்டில் சண்டை போட்டேன். “துப்பாக்கியை அவர்கிட்டயே கொண்டு போயிருக்கலாம்ல? ஊர் கூடுற எடத்துலயா சொல்றது?”

“அவன்கிட்ட சொன்னா அவன் மனசு நோகும்,” என்றார். இது எந்த ஊர் நியாயமோ.

ஹார்லனிடம் கொடுப்பதாக இருந்த தன் துப்பாக்கியை லைல் வேறு ஊருக்குக் கொண்டுபோனார். பேச்சு ஹார்லன் காதுக்கும் போயிற்று. சர்ச்சில் அவர் மனைவி டோரிஸ் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். அந்த ஞாயிறும் அங்கேதான் உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தை எப்போதும் போல என் பக்கமும் சாய்த்துப் பிடித்தாள்.

இலையுதிர் காலத்தில் தாங்கியின் ஒரு கால் மடங்காமல் மக்கர் செய்ய, வெர்லின் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து டின்னில் கிடந்த தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்கப் போனார். கூடுகளாவது மிஞ்சட்டும் என்றுதான். ஐந்தும் ஒரே ஓட்டையில் போயின. வேறு மருந்து போட்டதைச் சுட்டார், அதுவும் அப்படியே. எதைப் போட்டாலும் பொத்தான்தான். துப்பாக்கியைக் கவிழ்த்து, கட்டையிலிருந்த ஸ்க்ரூ ஓட்டை வழியே பார்த்தால், குழலின் அடியில் ஸ்க்ரூவின் நுனி தேய்த்த இடம் பளபளவென்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அந்த ஸ்க்ரூவைச் சமையல் மேடையில் வைத்தார். “நீளம் ஜாஸ்தி. குழலை முட்டிக்கிட்டு இருந்திருக்கு. நான் போட்டது,” என்றார். குறி சிதறுகிறது என்று யார் வந்தாலும், நோட்டு விட்டுப் பார்த்தாயா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தன்னுடையதற்கு அவர் பார்க்கவே இல்லை.

“எந்த வாயால சொன்னியோ அதே வாயால போய்ச் சொல்லு,” என்றேன்.

மறுநாள் காலை சொல்லத்தான் வந்தார். நான் காபிக் குடுவையோடு நின்றிருந்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் லைல் அவர் பையில் எட்டிப் பார்த்த காகிதத்தை உருவிவிட்டார்.

“அடப்பாவி, புடிச்சிட்டான்யா. ஹார்லன் கோணலா வெட்டுன குழலையே சுட வச்சிட்டான். என்ன மருந்துடா அது?”

ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். வெர்லின் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கட்டிய புருஷனைப் பற்றி அதுவரை எரிச்சல் பட்டிருக்கிறேன், கோபப்பட்டிருக்கிறேன். வெட்கப்பட்டது அன்றுதான். சாயங்காலம் அவர் தட்டின் முன்னால் குனிந்து உட்கார்ந்தே இருந்தார். “வாய் வரல, ஆர்டிஸ். எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க,” என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அந்த நாளையும் போனது.

சனிக்கிழமை ஹார்லனே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சிந்தாமல் குடிக்கட்டும் என்று பாதிக் கப் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

“மருந்து கெடைச்சிருச்சாமே,” என்றார். “எனக்கும் சொல்லு. அந்தக் குழலுக்கு எது சேருதுன்னு தெரிஞ்சா, நான் எங்க தப்பு பண்ணேன்னு புரிஞ்சிரும்.”

நான் வெர்லினையே பார்த்தேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நீ தப்பு பண்ணல. தாங்கிக்கு நான் போட்ட ஸ்க்ரூ குழல்ல முட்டுச்சு. எடுத்த பிறகு எந்த மருந்தைப் போட்டாலும் சுடுது. உன் வேலை சுத்தம். மேசையில சொல்லத்தான் போனேன். பயந்துட்டு வேற எதையோ சொல்லிட்டேன்.”

ஹார்லன் கப்பைத் தள்ளி வைத்தார்.

“அப்ப அது சரியாத்தான் இருந்துச்சு.”

“ஆமா.”

“அதுக்கப்புறம் ரெண்டு குழல் வெட்டுனேன். ரெண்டும் கோணிப்போச்சு. நீ சொன்னது காதுல விழுந்ததுக்கப்புறம், கை நடுங்குதா நடுங்குதான்னு கையையே பாத்துட்டு இருந்தேன். கருவியைப் பாக்கல. போன வாரம் லேத்தை வித்துட்டேன்.”

வெர்லின் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. “திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்,” என்றார்.

“வேண்டாம். வயசாயி கை போச்சுன்னு நெனைக்கிறாங்க, நெனைச்சுட்டுப் போகட்டும், எல்லாருக்கும் வர்றதுதான். நீ உண்மையைச் சொன்னா, மத்த ரெண்டும் ஏன் கோணுச்சுன்னு கேப்பாங்க. எவனோ ஒரு வார்த்தை சொன்னதுக்கு ஆடிப்போன ஆளுன்னு நான் பேர் வாங்கணுமா?”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“மருந்து பேரைச் சொல்லிட்டு இரு,” என்று ஹார்லன் எழுந்தார். காபி அப்படியே இருந்தது.

அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் யாராவது கேட்பார்கள், வெர்லின் சொல்வார். அதே மேசையில் ஹார்லனும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் வெர்லின் வீட்டில் என் முகத்தைப் பார்க்க மாட்டார், நானும் அவரைத் தேற்றப் போக மாட்டேன்.

போன மார்ச்சில் ஹார்லனை அடக்கம் செய்தோம். அடுத்த நாள் காலை வெர்லின் அலுவலகத்துக்கு வந்து, உட்காராமல், ஸ்க்ரூ முதற்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னார். இனிமேலும் அவரால் சுமக்க முடியவில்லை. சொல்லி முடித்ததும் லைல் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். லைலுக்குக் கண் கலங்கியிருந்தது.

“செத்துப்போனவன் பேருக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்க உனக்குத்தான்யா மனசு வரும்,” என்றார்.

வெர்லின் இல்லை இல்லை என்று தலையாட்டினார். அதையும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, அவர் கப்பை நிரப்பச் சொன்னார்கள். நான் நிரப்பினேன்.