ஐயனார் ஒரு காலனி, குதிரை ஒரு காலனி

எங்கள் ஊருக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஊர்தான் இல்லை. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு நிலம் எடுத்தபோது வீடு, கிணறு, களம் எல்லாம் மதிலுக்குள் போய்விட்டன. காட்டை வெட்டி ஊரை உண்டாக்கியது தாங்கள்தான் என்பார்கள் கீழத்தெருக்காரர்கள். அந்தக் காட்டையே வளர்த்தது தாங்கள் என்பார்கள் மேலத்தெருக்காரர்கள். தெருவைப் பறிகொடுத்து ஆளுக்கொரு காலனியில் குடியேறிய பிறகும் யாரும் தெருவை விட்டுக்கொடுக்கவில்லை.

மதிலுக்குள் மிஞ்சியது ஐயனார் கோயில் மட்டும். ஆடியில் ஒருநாள் பொங்கல் வைக்க உள்ளே விடுவார்கள். கேட்டில் செல்போனை வாங்கிக்கொண்டு, பானைக்குள்ளும் எட்டிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அப்பா வருஷம் முழுக்க அந்த ஒருநாளுக்காகத்தான் காத்திருப்பார். தீபாராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் போவார். அங்கே பழைய இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வேப்பமரம் இன்னும் நிற்கிறது. அதன் அடியில் துண்டை விரித்து உட்கார்ந்து, இது அடுப்படி, இது உன் அம்மா மாலையும் கழுத்துமாக வந்து நின்ற வாசல் என்று எனக்குக் கை காட்டுவார். அம்மா போன பிறகு அடுப்படிப் பேச்சு குறைந்து, வாசல் பேச்சு கூடிவிட்டது.

மற்றவர்களுக்கு அன்று வேறு வேலை. சாமி மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம் முதலில் யாருக்கு? பூசாரி துணியைக் கையில் எடுத்ததும் இரண்டு தெருப் பெரியவர்களும் ஒரே நேரத்தில் தலையை நீட்டுவார்கள். நிலத்தை அளக்க வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிய வீரர்கள் இவர்கள். ஒரு முழத் துணிக்கு உயிரையே கொடுப்பார்கள். போன ஆடியில் அந்தத் தள்ளுமுள்ளில் பொங்கல் பானை கவிழ்ந்தது. காவலாளிகள் வந்து விலக்கிவிட்டார்கள்.

அலுத்துப்போன நிர்வாகம், சாமியை வெளியே கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள், செலவு எங்களுடையது என்றது. எங்கள் வரலாற்றில் முதல் முறையாக இரண்டு தெருவும் ஒத்துப்போயின. அப்பா மட்டும் வேண்டாம் என்றார். அவர் காரணம் சொல்வதற்குள், எந்தக் காலனிக்குச் சாமி என்று அடுத்த சண்டை ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் பங்கு பிரித்தார்கள். கிரேன் வைத்துத் தூக்கி, ஐயனாரைக் கீழத்தெருக்காரர்களும் அவருடைய சிமெண்ட் குதிரையை மேலத்தெருக்காரர்களும் கொண்டுபோனார்கள். ஐயனார் இப்போது நடந்தேதான் காவலுக்குப் போக வேண்டும். குதிரைக்குத் தினமும் கற்பூரம் காட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் முதல் பரிவட்டம் உண்டு என்பதால் எல்லோருக்கும் பரம திருப்தி.

இந்த ஆடியில் அப்பா காலையிலேயே குளித்துத் துண்டோடு தயாராக நின்றார். எந்தக் காலனிக்கு என்று கேட்டேன். ஊருக்கு என்றார். ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். கேட்டில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உள்ளே என்ன வேலை என்று கேட்டார். வீட்டைப் பார்க்கணும் என்றார் அப்பா. உள்ளே வீடு எதுவும் கிடையாது, கோயிலையும் காலி பண்ணியாச்சு என்று அவர் சொன்னார்.

அப்பா விரிக்கக் கொண்டுவந்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சாமியைச் சாக்கு வெச்சுத்தாம்மா உள்ள போயிட்டிருந்தேன்,” என்றார். “இனிமே என்னை யாரு விடுவா?”